வாய் உத்தரவு

ஆடித்தபசுத் திருவிழா அன்று சங்கரன்கோவிலில் யாரும் நோய்ப்படக் கூடாது. ரத வீதி நாலிலும் மனிதத் தலைதான் தெரியும். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே மறித்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ்காரர்கூடக் கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே வர வேண்டும். அப்படிப்பட்ட நாளில் டாக்டர் சாம்ராஜுக்கு மூச்சு வாங்கியது. ஊருக்கே வைத்தியம் பார்த்த மனிதர், சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருப்பவர். ஆனால் அந்த நர்சிங் ஹோம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், கூட்டத்தின் நட்டநடுவில் இருந்தது. வேறு வழியில்லாமல் மகன் எஸ்ரா அவரைக் காரில் போட்டு, ராஜபாளையம் ரோட்டில் இருந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

ஸ்ட்ரெச்சரைப் பிடித்து உள்ளே இழுத்தவள் நர்ஸ் பெர்லின். அந்த மதியம் அவளுக்குத்தான் டியூட்டி. மூக்குவரை மாஸ்க் போட்டிருந்ததால் அவர் அவளை அடையாளம் காணவில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்துகொள்ள ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஐந்து வருஷமாகத் தினமும் மனதுக்குள் திட்டித் தீர்க்கிற முகம் எப்படி மறக்கும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் அவருடைய நர்சிங் ஹோமில்தான் வேலை பார்த்தாள். பனவடலிசத்திரத்திலிருந்து ஆறுமுகத்தாய் என்று ஓர் அம்மா வந்து சேர்ந்தார். இதயம் பலவீனமாகி, காலெல்லாம் வீங்கியிருந்தது. தினமும் காலை பத்து மணிக்கு டிஜாக்சின் ஊசி. அந்த மருந்து இதயத்தை வலுவாக அடிக்க வைக்கும், அதே சமயம் துடிப்பைக் குறைத்தும்விடும். அதனால் போடுவதற்கு முன்னால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே இருந்தால் போடக் கூடாது. நர்சிங் படிக்கப் போன முதல் வருஷத்துப் பிள்ளைக்கே தெரிந்த சங்கதி இது. அன்றைக்கு பெர்லின் எண்ணினாள். நாற்பத்தெட்டு. டாக்டர் திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். ஃபோன் போட்டாள்.

"சார், நாப்பத்தெட்டுதான் இருக்கு. நிப்பாட்டிரட்டுமா?"

"நீ டாக்டரா, நான் டாக்டரா? போட்டுரு பிள்ள. பந்தியில உக்காந்துட்டேன்."

"சார், அறுபதுக்குக் கீழ இருந்தா..."

"காது கேக்கலையாட்டி? போடுன்னா போடு."

போட்டாள். ஒரு மணிக்கு ஆறுமுகத்தாயின் மூச்சு நின்றது. இரண்டு மணிக்கு வந்த டாக்டர், கேஸ் ஷீட்டைத் தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அதில் ஒரு வரி முளைத்திருந்தது. 'நாடி 60க்குக் கீழ் இருந்தால் மருந்தை நிறுத்தவும்.' தேதி முந்தின நாளுடையது. நாற்பத்தெட்டு என்று பெர்லின் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அங்கே அப்படித்தான் வழக்கம். டாக்டர் வாயால் சொல்வார், நர்சுகள் போடுவார்கள், எழுத்து வேலையெல்லாம் டியூட்டி முடிகிறபோது மொத்தமாக நடக்கும். அந்தச் சோம்பேறி வழக்கம் அன்றைக்கு அவள் கழுத்தை அறுத்தது.

"நான் தெளிவா எழுதிப் போட்டிருக்கேன், ஃபோன்லயும் நாடி கொறைஞ்சா நிப்பாட்டுன்னுதான் சொன்னேன். இந்தப் பிள்ள நாடியே பாக்காம போட்டுட்டு" என்று நாக்குக் கூசாமல் சொன்னார் சாம்ராஜ். ஆறுமுகத்தாயின் மகன் இசக்கித்துரை அவள் காலடியில் காறித் துப்பினார். அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போயிற்று. அவள் போவதற்கு முன்னாலேயே அவள் பெயர் ராஜபாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கே போய்க் கேட்டாலும், 'நாடி பாக்காம ஊசி போட்டு ஆளக் கொன்ன நர்ஸ்' என்று ஒரு பார்வை. இரண்டு வருஷம் விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் சாம்ராஜ் எழுந்து நின்று கணீரென்று வேதபாடம் வாசிப்பார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல் அவள் அம்மா ஞானரத்தினம் டீச்சர் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அப்புறம் இந்த ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் நஸ்ரின் பானு அவளைக் கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு பேர்ல யார் சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியாது. ஆனா இங்க எழுதாம ஒரு மருந்தும் உள்ள போகாது" என்றார். ஃபோனில் உத்தரவு வந்தால் ஸ்பீக்கரில் போட வேண்டும், இரண்டு நர்சுகள் கேட்க வேண்டும், எழுதி, எழுதியதை டாக்டருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். பெர்லின் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய உயிரையும் வாங்கினாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. 'நான்தான் போடச் சொன்னேன்' என்று அந்த மனிதர் தன் கையால் எழுத வேண்டும், அதை இசக்கித்துரை பார்க்க வேண்டும். காசோ மன்னிப்போ அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் ஐந்து வருஷமாக அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

இப்போது அந்த மனிதர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் படுத்துக் கிடக்கிறார்.

எஸ்ரா அப்பாவின் மாத்திரை அட்டைகளை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். அவன் டாக்டர் இல்லை, நர்சிங் ஹோமின் நிர்வாகத்தைப் பார்ப்பவன். நஸ்ரின் பானு புளியங்குடிப் பக்கம் போய்விட்டு வந்தவர், கூட்டத்தில் கார் நகராமல் ஊர் எல்லையில் மாட்டிக்கொண்டிருந்தார். உடன் டியூட்டியில் இருந்த நர்ஸ் காவியா ஈசிஜி மெஷினை எடுத்துவர மாடிக்குப் போனாள். அறையில் இவள், அவர், ஒரு மின்விசிறி.

"நாலு நாளா படபடப்பு. நானே டிஜாக்சின் மாத்திரையக் கூட்டிப் போட்டுக்கிட்டேன். அப்படியும் அடங்கல" என்றார் சாம்ராஜ். பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. "காலையில இருந்து ரெண்டு தடவ வாந்தி. ஏ பிள்ள, இந்த லைட்டு ஏன் இப்படி மஞ்சளா எரியுது?"

லைட் வெள்ளையாகத்தான் எரிந்தது.

பெர்லினுக்குப் பிடிபட்டுவிட்டது. குமட்டல், வாந்தி, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிவது. மருந்து உடம்பில் மிஞ்சிப்போய் விஷமாகிக்கொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனிதருக்குத் தன் உடம்பு சொல்கிற பாடம் தெரியவில்லை. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒரு நிமிஷம் முழுசாக. ஐம்பத்திரண்டு. அதுவும் தாறுமாறாக அடித்தது.

"எத்தனை?"

"அம்பத்திரண்டு சார்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. டிஜாக்சின் அரை ஆம்பூல் எடுத்து நரம்புல மெதுவாப் போடு. மூச்சு சரியாயிரும்."

"நஸ்ரின் டாக்டர் வந்துரட்டும் சார்."

"அது நேத்து வந்த பிள்ள. அதுக்கு என்ன தெரியும்? நான் சொல்லுதேன், போடு."

அலமாரியைத் திறந்தாள். ஆம்பூலின் கழுத்தை உடைத்தாள். சிரிஞ்சில் அரை ஆம்பூலை அளவாக ஏற்றினாள்.  ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிற விஷத்தின் மேல் இதுவும் போனால் அந்த இதயம் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் சொன்னார், நர்ஸ் போட்டாள். அவர் கற்றுக்கொடுத்த பாடம், அவருக்கே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். யார் கேட்கப் போகிறார்கள்? கேட்டால் சொல்வதற்குப் பதில்கூடத் தயாராக இருந்தது. அவரேதான் போடச் சொன்னார்.

சிரிஞ்சோடு படுக்கைப் பக்கம் வந்தாள். அவர் கையில் வந்ததுமே குத்தியிருந்த ஊசிக்குழாயின் மூடியைத் திறந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அவருடைய சாவு வீடு மனக்கண்ணில் தெரிந்தது. கோயில் நிறைந்த கூட்டம், பாடகர் குழு, பேனர், 'ஏழைகளின் மருத்துவர்' என்று ஒரு பேச்சு, அதற்கு ஒரு கைக்குட்டை அழுகை. இந்த மனிதர் செத்தால் புனிதராகத்தான் புதைக்கப்படுவார். அவரோடு அந்த ஒரு வரியும் மண்ணுக்குள் போய்விடும். அதன் பிறகு அவள் காலமெல்லாம் நாடி பார்க்காத நர்ஸ்தான். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு சுலபமாக இவரைத் தப்ப விடுவதா?

மூடியை மறுபடி போட்டாள். சிரிஞ்சை ட்ரேயில் வைத்தாள். கேஸ் ஷீட்டையும் பேனாவையும் எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்து, மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"எழுதிக் குடுங்க சார். 'நாடி அம்பத்திரண்டு, டிஜாக்சின் போடவும்.' கையெழுத்தும் நேரமும் போட்டுக் குடுத்தா இப்பமே போடுதேன்."

சாம்ராஜ் அவளை உற்றுப் பார்த்தார். "நீ... ஞானரத்தினம் டீச்சர் மவளா?"

"ஆமா சார். எழுதுங்க."

பேனாவைக் கையில் எடுத்தார். தாளில் முனையை வைத்தார். ஐந்தையும் இரண்டையும் எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. வாயால் ஆயிரம் தடவை சொன்னதை எழுதப் போனால் அந்தக் கைக்கே பயம் வந்துவிட்டது. பேனாவை வீசினார்.

"எழுதியெல்லாம் தர முடியாது. நீ என்ன எனக்கு அதிகாரியா?"

பெர்லின் கீழே விழுந்த பேனாவை எடுத்தாள். காவியா மெஷினோடு உள்ளே வந்ததும், நஸ்ரின் பானுவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வயது, நாடி, வாந்தி, மஞ்சள் வெளிச்சம், நாலு நாளாக மாத்திரை கூட்டிப் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படுக்கையிலிருந்து சாம்ராஜ் கத்தினார். "ஏட்டி, அம்பத்திரண்டுக்கெல்லாம் பயந்தா வைத்தியம் பாக்க முடியுமா? ஊசியப் போடுன்னா போடு."

 மறுமுனையில் நஸ்ரின் பானு நிதானமாகச் சொன்னார். "டிஜாக்சின் ஒரு துளியும் போடக் கூடாது. ஈசிஜி எடுத்து அனுப்புங்க. ஆக்சிஜன் வைங்க. ரத்தத்துல பொட்டாசியம் பாருங்க, அவசரம்னு சொல்லுங்க." பெர்லின் எழுதினாள், வாசித்துக் காட்டினாள். காவியா பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். சிரிஞ்சில் ஏற்றியதைக் கொட்டிவிட்டு, ஏற்றியதையும் கொட்டியதையும்கூட ஷீட்டில் எழுதினாள்.

பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. நஸ்ரின் பானு வந்து சேர்ந்து, அதை ட்ரிப்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றச் சொன்னார். டியூட்டி முடிந்தும் பெர்லின் வீட்டுக்குப் போகவில்லை. மணிக்கொரு தரம் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினாள். தன் தாயைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதில் ஒரு பொட்டு இரக்கம் கிடையாது.

சாம்ராஜுக்கு அது புரிந்துவிட்டது. "ஏன் பிள்ள இப்படிப் போட்டு வதைக்க? வேற யாரையாவது வரச் சொல்லேன்."

"ஆறுமுகத்தாய் விசயத்துல நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுதிக் குடுங்க சார். போயிருதேன்."

"அதெல்லாம் முடிஞ்சு போன கத."

"முடியல. நீங்க எழுதுற வரைக்கும் உங்களச் சாவ விடமாட்டேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் எஸ்ரா அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தான். நஸ்ரின் பானு கேஸ் ஷீட்டைப் புரட்டி, பெர்லின் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். நாடி 52 என்று சொன்ன பிறகும் நோயாளி டிஜாக்சின் போடச் சொன்னார். எழுதித் தரக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்.

"பொய்" என்றார் சாம்ராஜ் சட்டென்று. யோசிக்கவே இல்லை. பழக்கதோஷம். "நான் நிப்பாட்டத்தான் சொன்னேன். இந்தப் பிள்ளைக்கு எம்மேல பழைய கோவம், அதான் இப்படி எழுதி வச்சிருக்கு."

நஸ்ரின் பானு ஷீட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "நான் லைன்ல இருந்தேன் சார். நீங்க போடுன்னு கத்துனது என் காதுல விழுந்துச்சு."

 சாம்ராஜ் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். எஸ்ரா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே குரலில், இதே வேகத்தில், இதே வார்த்தையை அவனும் கேட்டிருக்கிறான். அன்றைக்கு பெர்லினின் வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவனே அவன்தான்.

"அப்பா" என்றான். "அன்னைக்கும் இப்படித்தானா?"

சாம்ராஜ் ட்ரிப் பாட்டிலைப் பார்த்தார்.

"இவங்க நாடி பாத்துச் சொன்னாங்களா, இல்லையா?"

சாம்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பெர்லினுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அனுபவித்த மிக இனிப்பான நிமிஷம் அதுதான், அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அப்புறமும் இரண்டு நாள் அவர் பிடிவாதமாக இருந்தார். எஸ்ரா அந்த இரண்டு நாளும் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பான், போய்விடுவான். மூன்றாம் நாள் காலை பெர்லின் நாடி பார்க்க வந்தபோது, "தாளக் குடு" என்றார் சாம்ராஜ்.

எழுதினார். 'பனவடலிசத்திரம் ஆறுமுகத்தாய்க்கு நாடி 48 என்று நர்ஸ் பெர்லின் என்னிடம் ஃபோனில் சொன்னார். டிஜாக்சினை நிறுத்தட்டுமா என்றும் கேட்டார். நான்தான் போடச் சொன்னேன். நாடி குறைந்தால் நிறுத்தவும் என்ற வரியை, அந்த அம்மா இறந்த பிறகு நான் எழுதிச் சேர்த்தேன்.' கையெழுத்துப் போட்டார். பெர்லின் அதைப் பத்துத் தடவை வாசித்தாள். அன்றைக்கு அவர் நாடி எழுபத்தாறு.

இசக்கித்துரைக்கு எஸ்ராவே ஃபோன் செய்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். பதினோரு மணி பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். தலை நன்றாக நரைத்திருந்தது. நேராக அறைக்குள் வந்து, நின்றுகொண்டே தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து வாசித்தார்.

"இத எங்க குடுக்கணுமோ அங்க குடுப்பேன் வே" என்றார் சாம்ராஜிடம். "அதுக்கு மேல ஒம்ம கிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்ல."

சாம்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பெர்லின் நிமிர்ந்து நின்றாள். இப்போது இந்த மனிதர் தன் பக்கம் திரும்புவார், காறித் துப்பிய அதே வாயால் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள். அவரும் திரும்பினார்.

"ஏம்மா, அஞ்சு வருசமா நீ நாடியே பாக்காம போட்டுட்டன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"இல்ல அண்ணாச்சி. பாத்தேன். ஒரு நிமிசம் முழுசா எண்ணுனேன்." சொல்லும்போது அவள் குரலில் பெருமை வந்துவிட்டது.

"அப்பம் கொறைவுன்னு தெரியும்."

"தெரியும்."

"போட்டா ஆபத்துன்னும் தெரியும்."

"தெரிஞ்சுதான் அண்ணாச்சி நிப்பாட்டட்டுமான்னு கேட்டேன்."

"கேட்ட" என்றார் இசக்கித்துரை. குரல் உயரவே இல்லை. "பெறவு போட்டுட்ட. நாடி பாக்காத பிள்ளன்னா கவனக் கொறைவுன்னு விட்டுரலாம். நீ பாத்துட்டுல்லா போட்டிருக்க. இவருக்கு மூணு நாளைக்கு முன்னால போட மாட்டேன்னு நின்னியாமே. எங்கம்மைக்கும் அப்படி நின்னிருக்கலாம்லா?"

பெர்லின் வாயைத் திறந்தாள். வேலை போய்விடும் என்ற பயம், டாக்டரை எதிர்த்துப் பேசிப் பழகாத வாய், அந்த ஆஸ்பத்திரி வழக்கம் என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எல்லாமே உண்மைதான். ஆனால் ஒன்றைக்கூட அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஐந்து வருஷமாக சாம்ராஜை மனதுக்குள் போட்டு அரைத்த அரைப்பில் இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இசக்கித்துரை தாளைக் கட்டில் பக்கத்து மேஜையில் விரித்து வைத்தார். டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே பாதித் தாள் காலியாக இருந்தது.

"உன் பங்கையும் எழுது" என்றார்.

சாம்ராஜின் மடியில் கிடந்த பேனாவை அவள் குனிந்து எடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்க்கவில்லை. 'நாடி 48 என்று தெரிந்தும் ஊசியைப் போட்டது நான்' என்று எழுதி, தேதியும் நேரமும் குறித்து, கையெழுத்துப் போட்டாள். இசக்கித்துரை அதையும் விரல் வைத்து வாசித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போனார்.